பயணத்துக்குப் போதுமான கிரேக்கம்

பயணத்துக்குப் போதுமான கிரேக்கம் கற்றவர் என்று ஓர் இனம் உண்டு. வலசைப் பறவைகளோடு சேர்ந்து மே மாதத்தில் எங்கள் தீவுக்கு வரும். காற்று திசை மாறியதும் போய்விடும். பறவைகளாவது மொழி விஷயத்தில் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. இவர்கள் அப்படியல்ல. புறப்படுவதற்கு அரை வருஷம் முன்பே, பல் தேய்க்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் நாயை நடத்திக்கொண்டு போகும்போதும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு, யாரோ ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, சொந்த ஊர் நாயையே கிரேக்கத்தில் உட்காரப் பழக்கி, கடைசியில் கப்பலின் பின்கதவு எங்கள் துறையில் கடகடவென்று இறங்கும்போது, பெட்டிக்கு முன்னால் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்கள். மாட்டுவதற்கு ஒரு கிரேக்கன் வேண்டும். அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் சொல்லவேண்டிய 'கலிமேரா'வைச் சாயங்காலமும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, பரிசு வாங்க மேடையேறிய பிள்ளை மாதிரி நின்று பார்ப்பார்கள். துறைமுகக் காவலருக்கு ஒன்று, வலை பிரிக்கிறவருக்கு ஒன்று, வலைக்கடியில் படுத்திருக்கும் பூனைக்கு ஒன்று. கேள்வி கேட்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 'மன்னிக்கவும், மருந்துக்கடை எங்கே இருக்கிறது?' என்று வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் கேட்பார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாம் பதில் சொல்லித் தொலைக்கிறோம். 'நேராப் போயி பழைய ஆலைகிட்ட இடப்பக்கம் திரும்புங்க, ஆனா இன்னிக்கு அந்தம்மா மகளுக்குப் பிரசவம்னு கடையைச் சாத்திட்டுப் போயிருக்கும், அவசரம்னா அவங்க தம்பிகிட்ட சாவி இருக்கு' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அந்த முகத்தில் விளக்கு அணைந்துவிடும். ஆனாலும் விடமாட்டார்கள். தலையை ஆட்டி, நன்றி சொல்லி, கம்பீரமாக வலப்பக்கம் திரும்பிப் போவார்கள்.

இத்தனைக்கும் அவர்களுக்கு மருந்து எதுவும் வேண்டாம்.

இந்த இனத்தைப் பற்றி எங்கள் தீவில் மற்ற எவரையும்விட அதிகம் தெரிந்தவள் கல்லிரோய். துறைக்கு மேலே, புளியமரம் மாதிரி நிழல் விரிக்கும் ஒரு முசுக்கட்டை மரத்தடியில் உணவகம் நடத்துகிறாள். தணல் அடுப்பு அவள் கணவன் பன்டெலிஸ் வசம். மீதி உலகம் அவள் வசம். ஆங்கிலம், ஜெர்மன், கொஞ்சம் இத்தாலியன் எல்லாம் தட்டு வைக்கும்போதும் எடுக்கும்போதும் கற்றுக்கொண்டவள். யாராவது கிரேக்கத்தில் தத்தளிக்க ஆரம்பித்தால் இரக்கப்பட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்த இரக்கம்தான் இவர்களுக்கு ஆகாது. நீந்தப் பழகுகிறவனைத் தூக்கிக் கரையில் போட்டதுபோல் முகம் சுருங்கிவிடும்.

பிரெபன் வந்த நாளும் அப்படித்தான் நடந்தது. டென்மார்க்கில் பாலம் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். எங்கள் வாசல்களுக்கெல்லாம் குனிய வேண்டிய உயரம். கூடவே மனைவி பிர்கிட். பிரெபன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"மதிப்பிற்குரிய அம்மையாரே, எனக்கு மூன்று சிறு குழந்தைகள் வேண்டும். நெருப்பில் வாட்டியது. எலுமிச்சையுடன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டு விலா எலும்புக்கும் சின்னப் பிள்ளைக்கும் எங்கள் எழுத்தில் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் புள்ளிகளை அவர் எங்கோ வட கடலில் தவறவிட்டுவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த தாய் தன் பிள்ளையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

தணலிலிருந்து தலையைத் தூக்காமலே பன்டெலிஸ் கேட்டான்: "நல்லா முறுகலா வேணுமா, இல்ல இளசா போதுமா?"

"யோவ், நீ சும்மா இரு," என்றாள் கல்லிரோய். பிரெபனிடம் ஆங்கிலத்தில் திரும்பினாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"தயவுசெய்து. கிரேக்கம். நான் உழைத்திருக்கிறாள்."

இதற்குள் பிர்கிட் அம்மாள் அடுத்த மேசையில் இருந்த மீனைப் பார்த்தாள், கல்லிரோயைப் பார்த்தாள், மீனைச் சுட்டிக் காட்டிச் சிரித்தாள். மீன் வந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை கிரேக்கம் தெரியாது. ஆகவே அந்தக் கோடை முழுவதும் அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது.

பிரெபனுக்குக் கிடைத்தவை வேறு. 'நே' என்றால் எங்களுக்கு ஆமாம். அவருடைய டேனிஷ் காதில் அது இல்லை என்று விழும். இல்லை என்று சொல்ல நாங்கள் வாயைத் திறப்பதே அபூர்வம். முகவாயை மேலே தூக்கி நாக்கால் ஒரு 'த்ச்', அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டா என்று அவர் கேட்டார். பன்டெலிஸ் முகவாயைத் தூக்கினான். ஆஹா, உண்டு என்று பிரெபன் நிறுத்தத்தில் போய் நின்றார். வெயில் ஏறியது. கல்லிரோய் ஒரு குடையைக் கொடுத்தனுப்பினாள். குடைக்கு நன்றி சொல்லி, அவர் மேலும் உறுதியாக நின்றார்.

அவரும் பிர்கிட்டும் தங்கியிருந்தது இசிதோரோஸ் வீட்டு மாடியில். இசிதோரோஸ் பன்டெலிஸின் தாய்மாமன். கடலோடு சண்டை, வெயிலோடு சண்டை, பாதிரியாரின் மணியோசையோடு சண்டை, தன் ஆடுகளோடு தனித்தனியாகச் சண்டை. மனைவி ஃபொதினியோடு மட்டும் சண்டையில்லை. அவளுக்கு உத்தரவு மட்டும்தான். ஒரே மகள் அசிமினா மெல்பர்னில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். 'அம்மா, ஒரு தடவை வந்துட்டுப் போ' என்று அவள் அழைக்காத வருஷமில்லை. 'ஆட்டை யார் கறப்பா?' என்று இசிதோரோஸ் கேட்காத வருஷமும் இல்லை. பேச்சு அத்தோடு முடியும்.

இந்த மனிதரைத்தான் பிரெபன் தன் உற்ற நண்பராக வரித்துக்கொண்டார். தினமும் காலையில் மாடியிலிருந்து இறங்கி எதிரே உட்கார்வார்.

"வணக்கம் ஐயா. இன்று வானம் நன்றாக இருக்கிறார். எனக்கு ஒரு சகோதரி உள்ளது. அவர் ஒரு பல் மருத்துவமனை."

இசிதோரோஸ் ஆலிவ் கொட்டையைத் துப்புவார். ஊரில் ஒருவரையும் பேசவிடாத கிழவர் இந்த ஒருவரிடம் மட்டும் ஏன் அப்படி வாயடைத்துப் போனார் என்பது இன்றும் எங்களுக்குள் விவாதத்தில் இருக்கிறது. என்ன திட்டினாலும் புரியாது என்றால் திட்டுவதில் என்ன சுகம் என்பது பன்டெலிஸின் கட்சி. பிரெபனின் விளக்கம் வேறு. "அவர் ஆழமாகக் கேட்கிறாள்," என்றார் கல்லிரோயிடம், நெகிழ்ந்துபோய்.

ஜூன் நடுவில் ஒரு காலை, கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, தண்ணீர் மெதுவாக வருகிறது என்று அதைத் திட்டிக்கொண்டே இசிதோரோஸ் சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துத் தீவிலிருந்து அவருடைய தங்கை கலோமிரா அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கினாள். வந்ததும் கண்ணாடிகளைத் துணிபோட்டு மூடச் சொன்னாள், யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னாள், ஃபொதினி இனி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டாள்: தன் வீட்டில், தன் கண்முன்னால். யாரும் ஃபொதினியைக் கேட்கவில்லை. அவள் கறுப்பு உடுத்தி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு வாய் சூப் இறங்கவில்லை.

கல்லிரோய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்தத் தீவில் ஆதரவாக இருந்த ஒரே ஜீவன் ஃபொதினி அத்தைதான். "அத்தை, ஒரு தடவை அழுதுடுங்க," என்று காதோரம் சொல்லிப் பார்த்தாள். ஃபொதினி அவளை யாரோபோலப் பார்த்தாள்.

இந்த நிலையில்தான் சமையலறை வாசலில் பிரெபன் குனிந்தார். இடுப்பில் பன்டெலிஸின் கறுப்புக் கால்சட்டை. அவருக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பாதிவரைதான் வந்திருந்தது.

"நான் என் நண்பனை வழியனுப்ப வருகிறது. சொல் வேண்டும்."

"சொல்லெல்லாம் வேணாங்க," என்றாள் கல்லிரோய். "அத்தை கையைப் பிடிச்சுட்டு, தலையைக் குனிஞ்சுட்டு, நகர்ந்து வந்துடுங்க. அதுவே பெருசு."

"எனக்குத் தெரியும். பாடத்தில் வந்தாள். சில்லிபிதீரியா."

கல்லிரோய் கரண்டியைக் கீழே வைத்தாள். தப்பில்லாமல் வந்திருந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே நாக்கு தட்டும். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். சொன்னார். "இன்னொரு தடவை." சொன்னார். பாறைபோல நின்றது வார்த்தை.

"சரி. அதை மட்டும் சொல்லுங்க. சகோதரி, பல் மருத்துவமனை எதுவும் வேணாம்."

கல்லறைத் தோட்டம் குன்றின்மேல் இருக்கிறது. ஏறும் வழியெல்லாம் பிரெபன் உதட்டுக்குள் வார்த்தையை உருட்டிக்கொண்டே வந்தார். சடங்கு முடிந்தது. குடும்பம் சுவரோரம் வரிசையாக நின்றது: ஃபொதினி, கலோமிரா, பன்டெலிஸ், கல்லிரோய். ஊர் வரிசையில் நகர ஆரம்பித்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வரிசையில் பிரெபனுக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஊர்த் தலைவர். தேர்தல் வரப்போகிறதோ இல்லையோ, எதிரே நிற்கிறவரைப் பாராட்டாமல் அவரால் இருக்க முடியாது. திரும்பினார். பிரெபனின் கையைக் குலுக்கினார். தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"உங்க கிரேக்கத்தைப் பத்தி ஊரே பேசுது. சிங்ஹரிதீரியா."

இதற்கு மனமார்ந்த வாழ்த்துகள் என்று பொருள். சில்லிபிதீரியா, சிங்ஹரிதீரியா. காதுக்கு இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை. ஆறு மாத உழைப்புக்கு அன்றுதான் முதல்முறையாக ஒரு கிரேக்கர் அவரைக் கிரேக்கத்தில் பாராட்டியிருக்கிறார். அந்த ஆனந்தத்தில் மனம் மிதந்தால், கையில் இருந்த பழைய வார்த்தை நழுவிப் புதியது வந்து உட்கார்ந்துவிட்டால், அது மனித இயல்பு இல்லையா?

கல்லிரோய்க்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்தது. அதிலே மலர்ச்சி இருந்தது. வரிசையை விட்டு நகர முடியவில்லை. கண்ணால் சைகை செய்தாள். முகவாயைத் தூக்கி, நாக்கால் 'த்ச்' என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். பிரெபன் அதை ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டார்.

ஃபொதினியின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வாங்கினார். கண்கள் கலங்கியிருந்தன. எல்லோருக்கும் கேட்கும்படி, ஓர் அசை பிசகாமல் சொன்னார்:

"மனமார்ந்த வாழ்த்துகள், அம்மா. மனமார்ந்த வாழ்த்துகள்."

பாதிரியார் தூபக்கலசத்தை ஆட்டியபடி அப்படியே நின்றார். கலோமிரா சிலுவைக்குறி போட ஆரம்பித்து, பாதியில் எங்கே போவது என்று தெரியாமல் கையை நெற்றியிலேயே வைத்திருந்தாள். பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று கல்லிரோய்க்கு இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு குழி தோண்டி மூடியாகிவிட்டது.

ஃபொதினி தலையை அண்ணாந்து அந்த நெட்டை மனிதரைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்த கண்கள்.

"நன்றி மகனே," என்றாள். "எல்லாரும் மனசுல நெனச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. வாயைத் திறந்து சொன்னது நீ ஒருத்தன்தான்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. முதலில் மூக்கில் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, தலைத்துணி நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் பரவியது. பன்டெலிஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். பாதிரியார் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார். அவருடைய முதுகு குலுங்கியதை ஊரே பார்த்தது.

"அவரு இருந்திருந்தா... இந்நேரம் இவனைக் கல்லால அடிச்சு விரட்டியிருப்பாரு," என்றாள் ஃபொதினி, மூச்சு வாங்கிக்கொண்டு. "யார்டா என் சாவுக்கு வாழ்த்து சொல்றவன்னு..." அந்த இடத்தில் குரல் உடைந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று கல்லிரோய்க்குத் தெரியவில்லை. அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "கத்திரிக்காய் முழுசும் காய்க்கிற சமயத்துல போயிட்டாரேடி," என்று அவள் தோளில் முகம் புதைத்து ஃபொதினி அழுதாள். நன்றாக அழுதாள். ஊர் மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

பிரெபன் பணிவோடு நகர்ந்து கலோமிராவின் கையைப் பிடித்தார். அவளுக்கும் வாழ்த்துச் சொன்னார்.

வழக்கப்படி எல்லோரும் கல்லிரோய் உணவகத்தில் கசப்புக் காப்பிக்கும் பிராந்திக்கும் உட்கார்ந்தார்கள். கலோமிரா தெளிந்துவிட்டாள்.

"ஃபொதினி, நாளைக்குக் கப்பலுக்குத் துணிமணி எடுத்து வை. என் வீட்டுல பின்கட்டு காலியா இருக்கு."

"நான் மெல்பர்ன் போறேன்," என்றாள் ஃபொதினி. ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னது? மண்ணு இன்னும் காயல."

"நாப்பதாம் நாள் திவசம் கொடுத்துட்டுப் போறேன்."

"ஆட்டை யார் கறப்பா?"

ஃபொதினி நிதானமாக மென்று விழுங்கினாள். "நீ கற," என்றாள்.

கலோமிரா அடுத்த அஸ்திரத்தை எடுத்தாள். "ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. வழியில தண்ணி வேணும்னா எப்படிக் கேப்ப?"

கேள்வி நியாயமானது. மேசையில் எல்லோரும் குனிந்து காப்பியைப் பார்த்தார்கள். ஃபொதினி திரும்பி, மரத்தடியில் பிர்கிட்டோடு உட்கார்ந்திருந்த பிரெபனைப் பார்த்தாள்.

"இவன் ஒரு எழுத்து கிரேக்கம் தெரியாம இங்க வந்து, சாப்பிட்டு, தூங்கி, எங்க வீட்டுக்காரரையே வாயடைக்க வச்சிருக்கான்," என்றாள். "எனக்கு இவன் சொல்லித் தருவான்."

பிரெபனிடம் உண்மையை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது கல்லிரோயின் கட்டளை. அதை மீறி இந்தத் தீவில் சாப்பிட இடம் கிடையாது. ஆகவே அவர் தன் ஒரு வார்த்தை ஒரு விதவையின் உள்ளத்தைத் திறந்துவிட்டது என்று நம்பினார். யோசித்துப் பார்த்தால் அதிலே பொய்யும் இல்லை. பிர்கிட் மட்டும் சமையலறைக்கு வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவர் என்ன சொன்னார்?"

"சரியாத்தான் சொன்னார்."

"சும்மா சொல்லாதீங்க," என்றாள் பிர்கிட். "எனக்கு அவரைத் தெரியும்."

அதற்குப்பின் கல்லிரோயின் பாடு சொல்லி மாளாது. டேனிஷ்காரர் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார். முசுக்கட்டை மரத்தடியில் தினமும் வகுப்பு. ஃபொதினி அத்தை டென்மார்க் உச்சரிப்பில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தாள். ஆட்டிடம் பேசினாள், பாதிரியாரிடம் பேசினாள், பெற்ற தாய்க்குச் சமமாகத் தன்னை நேசிக்கும் கல்லிரோயிடமே வந்து, "குட் மார்னிங் மேடம், ஒன் வாட்டர் ப்ளீஸ், ஹௌ மச்?" என்று கேட்டாள். கல்லிரோய் கிரேக்கத்தில் பதில் சொன்னால் கோபம் வேறு. "ஏண்டி, உழைச்சுப் படிக்கிறேன்ல?" ஊரில் ஒருவரும் பாக்கியில்லை. எல்லோருக்கும் 'மேடம்'தான். பன்டெலிஸுக்கும்.

ஆகஸ்டில் அவள் கப்பலேறினாள். விமானத்தில் தண்ணீர் கேட்டாளாம், கிடைத்ததாம். மெல்பர்னில் கால் வைத்த மறுவாரம் தொலைபேசியில் ஒரே குமுறல்.

"ஏமாந்துட்டேண்டி. இங்க ரொட்டிக் கடைக்காரன் கிரேக்கம் பேசறான். டாக்டர் கிரேக்கம். கோயில்ல கிரேக்கம். கறிக்கடையில எனக்கு முன்னாடி நின்னவ நம்ம தீவு. இங்கிலீஷ்ல ஒரு 'ஹௌ மச்' கேக்க நாதியில்ல."

"ஒருத்தர்கூடவா இல்ல, அத்தை?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருக்காரு. யாழ்ப்பாணமாம், தமிழாம். நல்ல மனுஷன். அவரும் எனக்காகக் காதுல எதையோ மாட்டிக்கிட்டு நாலு வார்த்தை படிச்சிருக்காரு போல. சாயங்காலம் வேலிக்கு மேல எட்டிப் பாத்து 'கலிமேரா'ங்கறாரு. நேத்து என்னைப் பாத்து, நீங்க ஒரு நல்ல அடுப்புங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க் யூ மேடம்னேன். பாவம், மனசு நோகக் கூடாதில்ல?"

அந்த யாழ்ப்பாணத்துக்காரரை நினைத்து இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மைசூருக்குச் சுற்றுலா போனபோது எல்லாச் சொல்லின் வாலிலும் ஓர் 'உ' சேர்த்துக் கன்னடம் பேசியவர் நீங்கள் இல்லை. கொச்சியில் சொந்தத் தமிழையே மூக்கு வழியாக விட்டு மலையாளம் என்று சாதித்தவரும் நீங்கள் இல்லை. காசிக்குப் போகும் ரயிலிலேயே இந்தி கற்றுத் தேர்ந்து, இறங்கியதும் காய்கறிக்காரரிடம் வீரமாகப் பேசி, அவர் உங்களைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கைகூப்பி, உள்ளே திரும்பித் தன் மனைவியையும் கூப்பிட்டு, அவளும் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்த்தாளே, அவள் வெட்கப்பட்டாள் என்றுதான் நீங்கள் ஊரில் வந்து சொன்னீர்கள். இருக்கட்டும். அவர்கள் இரக்கமுள்ளவர்கள், கடைசிவரை உங்களிடம் சொல்லமாட்டார்கள். நீங்களும் அன்று கேட்டது வெண்டைக்காய்தான் என்று நிம்மதியாக நம்பிக்கொண்டிருங்கள்.